மார்த்தாவும் மரியாவும்: கிறிஸ்தவ ஆன்மிகத்தில் இளைப்பாறுதலும் உழைப்பும்

இறைவனை நாடிச் செல்லும் சாதகனின் உள்ளத்தில் என்றாவது ஒருநாள் ஓர் ஐயம் எழுந்தே தீரும். எல்லாவற்றையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாக அமர்வதா? அல்லது உடலில் வலுவுள்ளவரை அவனது பணியைச் செய்துகொண்டே இருப்பதா? அமர்ந்துவிட்டால், சோம்பலுக்குச் சரணாகதி என்று பெயர் சூட்டிவிட்டோமோ என்று மனம் உறுத்துகிறது. பணியில் இறங்கினால், வேலை பெருகப் பெருக இறைநினைவு தேய்ந்துபோகிறது. நம் நாட்டு வைணவப் பெரியோர்கள், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் உவமையாகக் காட்டி இதே ஐயத்தை ஆராய்ந்தார்கள். கிறிஸ்தவச் சான்றோர்கள் இதை ஆராய்வதற்கு எடுத்துக்கொண்டது இரு சகோதரிகளின் கதையை.

பெத்தானியா இல்லம்

லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தின் இறுதியில், ஐந்தே வசனங்களில் அந்த நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஏசுநாதர் தம் பயணத்தின் இடையே ஒரு கிராமத்திற்கு வருகிறார். மார்த்தா என்னும் பெண்மணி அவரைத் தன் இல்லத்தில் வரவேற்கிறாள். அவளுடைய சகோதரி மரியா அவரது திருவடிகளின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாவோ உபசரிப்பு வேலைகளில் அலைக்கழிகிறாள். ஒரு கட்டத்தில் அவளால் பொறுக்க முடியவில்லை. சகோதரி தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லையா என்று ஏசுநாதரிடமே வந்து கேட்கிறாள். தனக்கு உதவும்படி அவளிடம் சொல்லுமாறும் வேண்டுகிறாள். ஏசுநாதர் அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்து, பலவற்றையும் எண்ணி அவள் கவலைப்படுவதைச் சுட்டிக்காட்டுகிறார். தேவையானது ஒன்றே என்பதையும், மரியா தேர்ந்துகொண்ட நல்ல பங்கு அவளைவிட்டு நீங்காது என்பதையும் எடுத்துரைக்கிறார்.

இதை மேலோட்டமாகப் படிப்பவர், தியானம் உயர்ந்தது, தொண்டு தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடும். மூலநூலின் கிரேக்கச் சொற்களைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். மார்த்தாவின் நிலையைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் வினைச்சொல்லுக்கு, நாலாபுறமும் இழுக்கப்படுதல் என்பது பொருள். அவளுடைய கைகள் செய்த வேலையை ஏசுநாதர் எங்கும் குறை கூறவில்லை. அவர் எடுத்துக்காட்டியது அவளது மனத்தின் பதற்றத்தை. அன்புடன் விருந்தினரை வரவேற்றவள் சிறிது நேரத்தில் சகோதரியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாள். பிறகு, சகோதரியைப் பற்றி விருந்தினரிடமே முறையிடுகிறாள். இறுதியில், அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தானே அவருக்குக் கற்பிக்கிறாள். தொண்டு செய்பவரின் மனத்தில் ‘நான்’ என்னும் எண்ணம் நுழைந்துவிட்டால், தொண்டு எங்கே போய் முடியும் என்பதை இந்தச் சில வரிகள் காட்டிவிடுகின்றன.

லூக்கா இந்த நிகழ்ச்சியை வைத்திருக்கும் இடமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. இதற்குச் சற்று முன்னர் வருவது நல்ல சமாரியனின் கதை. கள்வர்களால் தாக்கப்பட்டுச் சாலையோரம் கிடந்தவனைக் கண்டும் காணாமல் சென்ற சமயப் பெரியவர்களையும், நின்று காயத்திற்குக் கட்டுப்போட்ட சமாரியனையும் பற்றிய கதை அது. இதை அடுத்து வருவது, எவ்வாறு ஜெபிப்பது என்று ஏசுநாதர் சீடர்களுக்குக் கற்பிக்கும் பகுதி. தொண்டைப் பற்றிய கதைக்கும் ஜெபத்தைப் பற்றிய உபதேசத்திற்கும் நடுவே இரு சகோதரிகளும் ஒரே வீட்டில் நிற்கிறார்கள்.

யோவான் நற்செய்தி இந்தச் சகோதரிகளை மீண்டும் காட்டுகிறது. அவர்களின் ஊர் ஜெருசலேமுக்கு அருகிலுள்ள பெத்தானியா என்பதும் அதிலிருந்தே தெரியவருகிறது. ஏசுநாதர் சிலுவையில் அறையப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அங்கே ஒரு விருந்து நடக்கிறது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவரது பாதங்களில் பூசுகிறாள். மார்த்தா அன்றும் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இம்முறை அவள் முறையிட்டதாக ஒரு சொல்லும் இல்லை. அவளது பணி நிற்கவில்லை. அதனுள் இருந்த பதற்றம் நின்றுவிட்டது.

சில்வானஸ் துறவியின் பாடம்

இந்நிகழ்ச்சியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் தொடக்கக் காலத்திலேயே இருந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து, சினாய், பாலஸ்தீனப் பாலைவனங்களில் வாழ்ந்த துறவியரின் உபதேசத் தொகுப்பில் இது பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு.

சினாய் மலையில் சில்வானஸ் என்னும் மூத்த துறவியின் ஆசிரமத்திற்கு ஒரு துறவி வந்தார். அங்கிருந்த சகோதரர்கள் கடுமையாக உழைப்பதைக் கண்டு, அழியும் உணவுக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்டார். மரியா தேர்ந்த நல்ல பங்கையும் நினைவூட்டினார். சில்வானஸ் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு ஒரு நூலைக் கொடுத்து, வேறு எதுவும் இல்லாத ஓர் அறையில் அமர்த்தும்படி தம் சீடரிடம் கூறினார். பிற்பகல் உணவு வேளை வந்தது. தம்மை யாராவது அழைப்பார்கள் என்று அந்தத் துறவி வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவரே எழுந்து சென்று, சகோதரர்கள் இன்னும் உண்ணவில்லையா என்று வினவினார். அனைவரும் உண்டாயிற்று என்ற பதில் கிடைத்தது. தம்மை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டபோது, அவர் ஆன்மிக உணவு உண்பவராயிற்றே, தங்களைப் போன்றவர்களுக்குத்தான் சோறு வேண்டியிருக்கிறது, அதனால்தான் தாங்கள் உழைக்கிறோம் என்றார் சில்வானஸ். வந்தவர் வெட்கி, அவரை வணங்கி மன்னிப்புக் கேட்டார். மரியாவுக்கு மார்த்தா தேவை என்பதையும், மார்த்தாவினால்தான் மரியா போற்றப்படுகிறாள் என்பதையும் சில்வானஸ் அப்போது அவருக்கு விளக்கினார்.

தியானத்தில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குப் பின்னால், அடுப்பருகே நிற்கும் யாரோ ஒருவர் எப்போதும் இருக்கிறார். அதை மறந்த தியானத்தில் நன்றியுணர்வு இருக்காது.

இரண்டு எல்லைகள்

முயற்சி, அருள் என்னும் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கிறிஸ்தவ வரலாறு இருமுறை கண்டிருக்கிறது.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியஸ் என்னும் தவசீலர் ரோம் நகரில் உபதேசித்து வந்தார். மனித இயல்பு பலவீனமானது என்று சொல்லிச் சொல்லியே மக்கள் ஒழுக்கத்தைக் கைவிடுவது அவரை வருத்தியது. தன் விருப்பாற்றலைக் கொண்டே மனிதன் அறநெறியில் நிற்க முடியும் என்று அவர் வலியுறுத்தினார். அவரது நோக்கம் தூயது. ஆனால் அந்தக் கொள்கையில் இறையருளுக்கு இடம் சுருங்கிப் போயிற்று. நற்செயல் செய்வதற்கான விருப்பமே அருளால் வருவது என்று புனித அகஸ்டின் (354-430) அதை மறுத்தார். 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சபை பெலேஜியஸின் கொள்கையை நிராகரித்தது.

ஏறத்தாழ 1250 ஆண்டுகளுக்குப் பிறகு, மறு எல்லை தலைதூக்கியது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மிகேல் தெ மோலினோஸ் என்னும் குரு, 1675-இல் ஓர் ஆன்மிக வழிகாட்டி நூலை ரோமில் வெளியிட்டார். ஆன்மா தன் முயற்சிகள் அனைத்தையும் விட்டுவிட்டு, இறைவன் முன் முற்றிலும் செயலற்று இருக்க வேண்டும் என்பது அவரது போதனையின் சாரம். அந்நூல் மிகப் பரவலாக வரவேற்கப்பட்டது. எனினும், சோதனைகளை எதிர்த்துப் போராடுவதும் தேவையில்லை என்ற அளவுக்கு அப்போக்கு செல்வதாகத் திருச்சபை அஞ்சியது. போப் பதினோராம் இன்னசென்ட் 1687-இல் அவருடைய 68 கூற்றுகளைக் கண்டித்தார். மோலினோஸ் எஞ்சிய நாட்களைச் சிறையிலேயே கழித்து 1696-இல் மறைந்தார்.

முதல் எல்லையில் சாதகன் தன் வலிமையை நம்பிக் களைத்துப் போகிறான். இரண்டாவதில், அமைதி என்ற பெயரில் அவன் பொறுப்பிலிருந்து நழுவுகிறான். விவிலியம் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் திருத்துகிறது. மீட்புக்காக அச்சத்துடன் முயலுங்கள் என்னும் கருத்தைப் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் முன்வைக்கும் புனித பவுல், விரும்புவதும் செயல்படுவதும் உங்களுள் இருக்கும் இறைவனாலேயே நிகழ்கின்றன என்பதை அடுத்த வரியிலேயே சேர்க்கிறார். எபிரேயருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் 4-ஆம் அதிகாரமோ, இறைவன் தரும் இளைப்பாறுதலுள் நுழைவதற்கு ஊக்கத்துடன் முயலுமாறு கேட்டுக்கொள்கிறது. ஓய்வை அடைவதற்கே உழைப்பு வேண்டும் என்பது முதலில் முரணாகத் தோன்றலாம். ஆனால், அலையும் மனத்தை ஓரிடத்தில் அமர்த்த முயன்று பார்த்தவர்களுக்கு அதில் முரண் ஏதும் தெரியாது. மத்தேயு நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில், களைத்தவர்களை இளைப்பாற அழைக்கும் ஏசுநாதர், உடனே அவர்களிடம் தம் நுகத்தை ஏற்கச் சொல்கிறார். நுகத்தடி உழவுக்கு உரிய கருவி. அவர் அருளும் இளைப்பாறுதல், வேலையிலிருந்து விலகிக் கிடைப்பதன்று. பாரத்தைத் தனியே சுமக்கிறோம் என்ற எண்ணத்திலிருந்து விடுபடுவதால் கிடைப்பது.

குருவின் வாழ்க்கை

உபதேசித்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை மாற்கு நற்செய்தி காட்டுகிறது. கப்பர்நாகூமில் ஒருநாள் மாலை முழுவதும் நோயாளிகளைக் குணப்படுத்திய ஏசுநாதர், மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து தனிமையான இடத்திற்குச் சென்று ஜெபித்தார். தேடி வந்த சீடர்கள், எல்லோரும் அவரைத் தேடுவதாகக் கூறினார்கள். அவர் எழுந்து அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார்.

வேறொரு சமயம், ஊர் ஊராகப் பணி செய்து திரும்பிய சீடர்களுக்கு உண்பதற்கும் நேரமில்லாதபடி மக்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்கலாம் என்று ஏசுநாதரே அவர்களைப் படகில் அழைத்துச் சென்றார். ஆனால் மக்கள் கரை வழியாக ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கே காத்திருந்தார்கள். மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப் போன்ற அவர்களைக் கண்டு அவர் மனமிரங்கிப் போதிக்கத் தொடங்கினார். அந்த ஓய்வு கிடைக்காமலே போயிற்று. எனினும், ஐயாயிரம் பேர் உண்ட பிறகு, சீடர்களைப் படகில் அனுப்பிவிட்டு, அவர் ஜெபிப்பதற்காகத் தனியே மலைமீது ஏறினார். பணிக்காக ஓய்வை விட்டார். பணி முடிந்ததும் ஓய்வை மறக்கவும் இல்லை.

மணியோசை

இதையே அன்றாட ஒழுங்காக அமைத்துத் தந்தவர் 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட். மாண்டே காசினோ மலையிலிருந்த தம் மடத்துத் துறவியருக்காக அவர் எழுதிய ஒழுங்குமுறை நூல் 73 அதிகாரங்கள் கொண்டது. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூட்டு ஜெபம், இடையிடையே உடலுழைப்பு, திருநூல் வாசிப்பு என்று நாள் முழுவதும் அதில் வகுக்கப்பட்டுள்ளது. சோம்பல் ஆன்மாவின் பகை என்பது அதன் 48-ஆம் அதிகாரத்தின் அடிப்படைக் கருத்து. மடத்தின் கருவிகளைப் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போல் கருத வேண்டும் என்பதும் அவரது கட்டளை.

அந்நூலின் இரு விதிகள் சிறப்பாகக் கவனிக்கத் தக்கவை. ஜெபத்திற்கான ஒலி கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும் என்பது ஒன்று. ஒரு கைவினைஞர் தம் திறமையால் மடத்திற்கு ஆதாயம் என்று செருக்கடைந்தால், பணிவு வரும்வரை அவரை அத்தொழிலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வேலை எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும் அதைப் பாதியில் விடத் தெரிய வேண்டும். விட முடியாவிட்டால், அந்த வேலை இறைவனுக்கு உரியதாக இல்லாமல் தன்னுடையதாகிவிட்டது என்று பொருள்.

நான்கு வகை நீர்

பெனடிக்ட் வேலையை விடக் கற்பித்தார் என்றால், ஜெபத்தை விடவும் கற்பித்தவர் அவிலா நகரத்துப் புனித தெரசா (1515-1582). ஸ்பெயின் நாட்டில் தமது 20-ஆம் வயதில் கார்மல் மடத்தில் சேர்ந்த அவருக்குப் பல ஆண்டுகள் ஜெபம் எளிதில் கைகூடவில்லை. ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குச் செவிசாய்த்துக் காத்திருந்த நாட்களை அவர் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் ஆன்மாவை ஒரு தோட்டத்திற்கு ஒப்பிட்டு, அதற்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளை அவர் கூறுகிறார். முதலாவது, கிணற்றிலிருந்து கையால் இறைப்பது. இரண்டாவது, இறைசக்கரத்தைச் சுழற்றி எடுப்பது. இதில் உழைப்புக் குறைவு, நீர் அதிகம். மூன்றாவது, ஆற்று நீரோ ஓடை நீரோ பாய்வது. நான்காவது, மழை பெய்வது. அதில் தோட்டக்காரனின் உழைப்புக்கு வேலையே இல்லை. சாதனையில் முன்னேற முன்னேற, தன் முயற்சி குறைந்து அருள் பெருகுவதை இது அழகாக விளக்குகிறது. மழை வருமென்று எதிர்பார்த்து முதல் நாளே வாளியைக் கீழே வைத்துவிடுபவனின் தோட்டம் காய்ந்துபோகும். கிணறு வறண்டிருக்கும் நாட்களிலும், தோட்டக்காரன் தன்னால் இயன்றதைச் செய்தாக வேண்டும் என்பதே தெரசாவின் அறிவுரை.

மழை பெய்த பிறகு என்ன? 1577-இல் எழுதிய அகக்கோட்டை பற்றிய நூலில் அதற்கு விடை இருக்கிறது. ஆன்மாவை ஏழு மாளிகைகள் கொண்ட கோட்டையாக உருவகிக்கும் அந்நூலில், ஐந்தாம் மாளிகையை விளக்கும்போது அவர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். சில சகோதரிகள் ஜெபத்தின் இனிமை கலைந்துவிடுமோ என்று அஞ்சி, அசையவும் துணியாமல் அமர்ந்திருக்கிறார்கள். இறைவன் கேட்பது செயலை என்று அவர்களிடம் அவர் கண்டிப்புடன் சொல்கிறார். நோயுற்ற ஒரு சகோதரிக்கு உதவ முடியுமானால், அந்த இனிமையை இழப்பது பற்றிக் கவலைப்படாமல் எழுந்து செல்ல வேண்டும். அவளது வலியைத் தன் வலியாக உணர வேண்டும். ஏழாம் மாளிகையில், இறைவனோடு ஒன்றிய அமைதியின் பயன் நற்செயல்கள் பிறப்பதே என்று கூறி, அவர் மீண்டும் பெத்தானியா இல்லத்திற்கு வருகிறார். இறைவனை விருந்தினராக வைத்துக்கொள்ள வேண்டுமானால் மார்த்தாவும் மரியாவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவரது முடிவு. எப்போதும் திருவடியில் அமர்ந்திருக்கும் மரியா, சகோதரியின் உதவியின்றி அவருக்கு உணவளிப்பது எப்படி?

அவரது வாழ்க்கையே அதற்குச் சான்று. 1562 முதல் 1582 வரை 17 பெண் துறவியர் மடங்கள் அவரது முயற்சியால் உருவாயின. நோயுற்ற உடலுடன், மூடுவண்டியில் கரடுமுரடான சாலைகளில் பயணம் செய்து, நிலம் வாங்குவது முதல் கணக்குப் பார்ப்பது வரை அவர் கவனித்தார். இறுதியில், அத்தகைய ஒரு பயணத்தின் இடையிலேயே ஆல்பா தெ தொர்மெஸ் என்னும் ஊரில் உயிர்நீத்தார். ஆன்ம அமைதியின் உச்சத்தைப் பற்றி எழுதியவர், ஓய்வின்றி உழைத்தவராகவும் இருந்தார்.

சமையலறைத் துறவி

தெரசா சீர்திருத்திய அதே கார்மல் சபையில், 1640-இல் பாரிஸ் நகரத்து மடத்தில் சேர்ந்தவர் சகோதரர் லாரன்ஸ். லொரேன் பகுதியில் பிறந்து, போர்வீரராக இருந்து காயமுற்றவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. இயல்பாகவே அவருக்கு அது பிடிக்காத வேலை. எல்லாவற்றையும் இறைவன்மீது கொண்ட அன்பிற்காகவே செய்வது என்று பழகியதால், சுமார் 15 ஆண்டுகள் அதை எளிதாகச் செய்ய முடிந்தது என்று பின்னாளில் அவர் கூறினார். வேலை நேரத்திற்கும் ஜெப நேரத்திற்கும் இடையே அவரிடம் வேறுபாடு இல்லாமல் போயிற்று. பல பேர் ஒரே சமயத்தில் பலவற்றைக் கேட்கும் சமையலறை ஆரவாரத்திலும் அவரது உள்ளம் கலையவில்லை. பெத்தானியாவில் மார்த்தாவை நாலாபுறமும் இழுத்த அதே வேலைதான் இங்கே லாரன்ஸை இறைவனிடம் சேர்த்தது.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் கடும் மனவேதனையில் கழிந்ததாக அவரே தெரிவித்திருக்கிறார். நினைவு நழுவும்போதெல்லாம், தன்னை நொந்துகொண்டு நேரத்தைக் கழிக்காமல், மீண்டும் இறைவனிடம் திரும்பிவிடுவதே அவர் கையாண்ட முறை. சமையலறையில் அவர் பெற்ற அமைதி, மெல்ல மெல்லக் கிணற்றிலிருந்து இறைத்துச் சேர்த்த நீர்.

சாதகன் தன்னைச் சோதித்தல்

ஒரு நாளின் மணிநேரங்களை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தியானத்திற்கும் பாதியைத் தொண்டிற்கும் கொடுப்பதால் மட்டும் இந்தச் சமநிலை வந்துவிடாது என்பது இதுவரை கண்டவற்றிலிருந்து தெளிவாகிறது. நேர ஒழுங்கு தேவை. பெனடிக்ட் அதைத்தான் அமைத்தார். ஆனால், அந்த ஒழுங்கு எதற்காக என்பது அதைவிட முக்கியம். பழைய ஏற்பாட்டில் ஏழாம் நாள் ஓய்வைப் பற்றிய கட்டளை, வீட்டுத் தலைவனோடு நிற்காமல் பணியாளர்களுக்கும் அந்நியர்களுக்கும் கால்நடைகளுக்கும் கூட அந்த ஓய்வை உரிமையாக்குகிறது. இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை உபாகமம் என்னும் நூல் அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. அடிமைக்கு ஓய்வு இல்லை. எனவே, ஓய்வெடுப்பது தான் அடிமையல்ல என்று உணர்வதாகும். பிறரை ஓய்வெடுக்க விடுவது அவர்களும் அடிமைகளல்லர் என்று ஏற்பதாகும். இன்று தன் தொண்டிற்கே அடிமையாகிவிட்ட சாதகனுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, சாதகன் தன்னை இரு கேள்விகளால் சோதித்துக்கொள்ளலாம். ஜெபத்திற்கான மணி ஒலிக்கும்போது, செய்துகொண்டிருக்கும் நல்ல வேலையை என்னால் மனக்கசப்பின்றிக் கீழே வைக்க முடிகிறதா? ஜெபத்தில் இனிமையாக அமர்ந்திருக்கையில் ஒரு நோயாளி அழைத்தால், அதேபோல் மனக்கசப்பின்றி எழ முடிகிறதா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வருமானால் உழைப்பில் ‘நான்’ புகுந்திருக்கிறது. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால், ‘நான்’ அமைதியில் ஒளிந்திருக்கிறது. இரண்டிலும் தேவைப்படும் மருந்து ஒன்றே: எது கையிலிருந்தாலும் அதை இறைவனுடையதாக எண்ணிப் பழகுவது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணம் அவனை நினைப்பதும், முடித்தபின் அதன் நிறைவையும் குறையையும் அவனிடமே விட்டுவிடுவதும் யாருக்கும் இயலக்கூடிய தொடக்கம். மற்றவர் உழைக்கவில்லையே என்ற எண்ணம் எழும்போது, அது களைப்பின் அறிகுறி என்று உணர்ந்து சற்று அமர்வது நல்லது. தன் அமைதிக்கு இடையூறு செய்கிறார்களே என்று பிறர்மீது எரிச்சல் வரும்போது, எழுந்து சென்று அவர்களுக்கு ஏதேனும் உதவி செய்வது நல்லது. இவ்வாறு பழகி வருபவரின் உள்ளத்தில், காலப்போக்கில் இரு சகோதரிகளும் பிணக்கின்றி ஒரே வீட்டில் வாழத் தொடங்குவார்கள். ஒருத்தி அமர்ந்து கேட்பாள், மற்றொருத்தி பரிமாறுவாள். விருந்தினர் இருவருக்கும் ஒருவரே.